துரியோதனன் விழுவது தெரிந்த கதைதானே?

பாலக்கோடு பக்கம் எங்கள் ஊரில் வைகாசி வந்தால் பாரதம் நடக்கும். மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம். திரௌபதி அம்மன் கோயில் எதிரே மண்ணில் செய்த பெரிய துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீம வேஷக்காரர் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடிவந்து தொடையில் அடிப்பார். விரித்த கூந்தலைத் திரௌபதி அள்ளி முடிவாள். இந்த முடிவு தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம் பாயும் போர்வையுமாகப் போய் உட்கார்ந்து விடிய விடியப் பார்க்கிறோம்.

ஒரு வருஷம் படுகளத்துக்கு முந்தின ராத்திரி, லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் கூத்துக்கு வர மாட்டேன் என்றுவிட்டான். தருமபுரியில் யாரோ விற்ற பழைய பிஎஸ் 4 விளையாட்டுப் பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். அதில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' என்ற வீடியோ விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது முறையாம்.

"முடிவு தெரிஞ்ச கதையை எதுக்குடா திரும்பத் திரும்ப ஆடுறே?"

"நீங்க மட்டும் எதுக்கு மாமா போறீங்க?" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் தேடிப் படித்ததில், இது மனவியல்காரர்களும் விளையாட்டு செய்கிறவர்களும் ஆளுக்கொரு பக்கமிருந்து மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி என்று தெரிந்தது.

ஒரு விளையாட்டை முடித்த பிறகும் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைத்தான் 'ரீப்ளே வேல்யூ' என்கிறார்கள். கிரிக்கெட் விளையாட்டுக்கு இந்தக் கவலை இல்லை. ஒவ்வொரு மேட்சும் புதுசு. கதை சொல்லும் விளையாட்டுக்குத்தான் தலைவலி. புதிதாக வரும் பெரிய பிஎஸ் 5 விளையாட்டு ஒன்றின் விலை 5,000 ரூபாயைத் தொடுகிறது. "இருபது மணி நேரத்துல முடிஞ்சுபோற டிஸ்க்குக்கு எத்தனை பெட்டி தக்காளி விக்கணும் தெரியுமா?" என்று அக்கா கணக்குப் போடுவாள். கணக்கு என்னவோ சரிதான்.

முதலில் மூளையின் பக்கம் பார்ப்போம். (இனி சில விளையாட்டுகளின் கதை உடையும். ஆடாதவர்கள் யோசித்துக்கொண்டு படிக்கவும்.)

முடிவு தெரிந்தால் பதற்றம் போய்விட வேண்டும் அல்லவா? போவதில்லை. ரிச்சர்ட் கெரிக் என்ற மனவியலாளர் 1980-களின் கடைசியில் இதைச் சோதித்தார். எல்லோருக்கும் விடை தெரிந்த வரலாற்று நிகழ்வுகளையே கொஞ்சம் பதற்றமாக எழுதிக் கொடுத்தால், படிப்பவர்கள் தெரிந்த விடையை உறுதிசெய்யவே சற்றுத் தடுமாறினார்கள். கதைக்குள் மூழ்கிய மனம், கண்ணெதிரே நடப்பதைப் புதிதாக நடப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. 'இது எனக்குத் தெரியுமே' என்று நினைவின் அலமாரியைத் திறந்து பார்ப்பதில்லை என்பது அவர் தந்த விளக்கம். நிஜ வாழ்க்கையில் எதுவும் அச்சு அசலாக இரண்டு முறை நடப்பதில்லையே, அப்புறம் மனம் எதற்காகத் திறந்து பார்க்கும்?

2011-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற மனவியல் ஆய்வாளர்கள் இருவரும் இன்னும் ஒரு படி போனார்கள். சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவு தெரிந்து படித்தவர்கள் சராசரியாகக் கொஞ்சம் அதிகமாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த சில ஆய்வுகளில் இது தலைகீழாகவும் வந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே 'ஸ்பாய்லர் நல்லது' என்று யாரிடமும் போய்ச் சண்டைக்கு நிற்காதீர்கள்.

எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்தது குரங்குகளை வைத்துச் செய்த ஒரு சோதனை. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்தபடி அவற்றின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கவனித்தார். எதிர்பாராமல் சாறு வந்தபோது அந்தச் செல்கள் துடித்தன. பிறகு ஒரு விளக்கு எரிந்ததும் சாறு வரும் என்று பழக்கினார். பழகிய பின் சாறு வரும்போது துடிப்பு இல்லை. விளக்கு எரியும்போதே வந்துவிட்டது. கிளர்ச்சி, நிகழ்விலிருந்து அதன் அறிகுறிக்கு நகர்ந்துவிட்டது.

குரங்கின் பழச்சாற்றிலிருந்து மனிதனின் கதைக்குத் தாவுவது பெரிய தாவல்தான். ஆனாலும் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஜோயலின் பிறந்தநாளுக்கு அவன் மகள் சாரா ஒரு கைக்கடிகாரம் தருகிறாள். முதல் முறை ஆடுபவனுக்கு அது வெறும் கடிகாரம். அந்த ராத்திரியே அவள் இறந்துபோவாள் என்பதும், இருபது வருஷம் கழித்தும் ஓடாத அந்தக் கடிகாரம் அவன் கையில் இருக்கும் என்பதும் இரண்டாம் முறை ஆடுபவனுக்குத் தெரியும். முதல் முறை சாவில் கலங்கியவன் இரண்டாம் முறை பரிசு கொடுக்கும் காட்சியிலேயே கலங்கிவிடுகிறான். விளக்கு எரிந்துவிட்டது.

கூத்திலும் இதுதான். துரியோதனன் வருவதற்கு முன்னால் இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். முகவீணையும் மத்தளமும் ஏறும். திரைக்குக் கீழே சலங்கைக் கால் மட்டும் தெரியும். ஆள் வருவதற்குள் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்துவிடும்.

சரி, ஆடுபவன் மாறுவது போதுமா, விளையாட்டும் மாற வேண்டாமா? இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில் கிளைகள். நீ எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் கதை பிரிய வேண்டும் என்பது. காதுக்கு நன்றாக இருக்கிறது, கணக்கு ஒத்துவராது. கதையில் பத்து இடங்களில் இரண்டிரண்டு வழி விட்டு, ஒவ்வொன்றையும் முழுசாகப் பிரித்தால் 1,024 கதைகள். இருபது இடம் என்றால் 10,48,576. ஒவ்வொன்றுக்கும் நடிகர்கள் குரல் கொடுக்க வேண்டும், அசைவுகளைப் பதிவுசெய்ய வேண்டும், பிழை பார்க்க வேண்டும். எந்தக் கம்பெனியாலும் முடியாது.

அதனால் அவர்கள் செய்வது ஒகேனக்கல் வேலை. அங்கே காவிரி பாறைகளுக்கு நடுவே பல கிளைகளாகப் பிரிந்து விழும். கொஞ்ச தூரத்தில் மறுபடி ஒன்றாகிவிடும். நீங்கள் எந்த அருவியைப் பார்த்தாலும் அந்தத் தண்ணீர் கடைசியில் மேட்டூருக்குத்தான் போகும். கதையும் அப்படித்தான் பிரிகிறது, சேர்கிறது. சேர்ந்த பிறகு நீங்கள் எந்தப் பக்கமாக வந்தீர்கள் என்பதற்கு ஒரு சின்ன அடையாளம் மட்டும் சேமிப்பில் இருக்கும். 'கிழவரைக் காப்பாற்றினானா? ஆம் / இல்லை.' இதை ஃபிளாக் என்பார்கள். ஆம்-இல்லைக்குக் கணினி நினைவின் மிகச் சிறிய துண்டான ஒரு பிட் போதும். எட்டு பிட் ஒரு பைட். ஆயிரம் முடிவுகளை நினைவில் வைக்க 125 பைட். கணினியின் வழக்கமான குறியீட்டில் தமிழின் ஒரு குறிக்கு 3 பைட் ஆகிறது என்பதால், 'ஆயிரம் முடிவுகளை' என்று தொடங்கும் அந்தச் சின்ன வரியைச் சேமிக்கவே 105 பைட் ஆகிவிடும்! நினைவில் வைப்பது மலிவு. நினைவில் இருப்பதைக் காட்சியாக ஆக்குவதில்தான் காசு கரைகிறது.

பத்து மணி நேரம் கழித்து யாரோ ஒருவர் போகிற போக்கில் "நீ அன்னைக்கு அந்தக் கிழவரை விட்டுட்டு வந்தவன்தானே" என்று சொல்லிவிட்டால் போதும், மொத்தக் கதையும் நம் முடிவால் வளைந்த மாதிரி இருக்கும். அது முதல் முறை மட்டும். 2012-ல் வந்த 'தி வாக்கிங் டெட்' விளையாட்டில் முதல் பகுதியில் டக், கார்லி என்ற இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். என் மருமகன் முதலில் கார்லியைக் காப்பாற்றினான். மறுமுறை டக்கைக் காப்பாற்றினான். யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாம் பகுதியில், ஏறக்குறைய அதே இடத்தில், அந்த ஆள் செத்துப்போகிறார். "ஏமாத்திட்டாங்க மாமா" என்று டிஸ்க்கையே கொடுத்துவிட்டான். முதல் முறை அவனை அழ வைத்த விளையாட்டு அது. சில விளையாட்டுகளை ஒரே முறை ஆடிவிட்டு நல்ல ஞாபகமாக விட்டுவிடுவது உத்தமம்.

எதிர்த் திசையில் போனது 2018-ன் 'டெட்ராய்ட்: பிகம் ஹியூமன்'. ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் கிளைகளை வரைபடமாகக் காட்டும். நீங்கள் போகாத வழிகள் பூட்டிய கட்டங்களாகத் தெரியும். தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் ஆவலைக் கிளப்புகிறது என்று ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற பொருளியலாளர் 1994-ல் எழுதியதற்குப் படம் போட்ட மாதிரி. வேலை செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டங்களைப் பார்த்ததும் எனக்குக் கதை மறந்து, ரேஷன் கார்டில் டிக் அடிக்கிற மனநிலை வந்துவிடுகிறது.

இன்னொரு வேடிக்கை: கிளை இருந்தாலும் ஆட்கள் அந்தப் பக்கம் போவதில்லை. 'மாஸ் எஃபெக்ட்' தொடரில் நல்லவனாகவோ முரடனாகவோ ஆடலாம். அதில் வேலை பார்த்த ஒருவர் 2020-ல் சொன்னபடி, ஆடியவர்களில் சுமார் 92 சதவீதம் பேர் நல்லவர்களாகவே ஆடினார்களாம். முரடனுக்காக எழுதிப் பேசிப் பதிவுசெய்த அத்தனையும் பெரும்பாலும் பார்க்க ஆளில்லாமல் கிடந்தது. என் மருமகனும் "இந்தத் தடவை கெட்டவனா ஆடப்போறேன்" என்று ஆரம்பிப்பான். அரை மணி நேரத்தில் திரையில் வரும் ஏதாவது ஒரு பாட்டியிடம் எரிந்து பேச மனசு வராமல் நல்லவனாகிவிடுவான்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? என் அம்மா சொன்ன ஒன்று இங்கே உதவும். "போன வருஷமும் இதே துரியோதனன்தானேம்மா" என்று ஒரு தடவை சீண்டினேன். "போன வருஷம் கட்டின ஆளு வேற. இவன் நடை வேற" என்றார். உண்மை. கூத்தில் வேஷக்காரர் மாறுவார். கட்டியங்காரன் அன்றைக்குத் தோன்றியதை இழுத்துவிடுவான். டிஸ்க்கில் பதிந்த விளையாட்டுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நடை மாற வேண்டுமானால் கட்டுகிற ஆளாகிய ஆடுபவனிடம்தான் மாற வேண்டும். அதற்கு இடம் வைத்துத்தான் விளையாட்டைச் செய்ய வேண்டும்.

முதல் முறை ஆடும்போது மூளைக்கு வேலை அதிகம். எந்தப் பட்டன் எதற்கு, எதிரி எங்கே, குண்டு எத்தனை மிச்சம். சுவரில் ஒட்டியிருக்கும் கடிதத்தைப் படிக்கக் கவனத்தில் இடமில்லை. திரும்ப ஆடும்போது கை தானாக ஓடுகிறது. கண் சும்மா இருப்பதால் சுவரைப் பார்க்கிறது. இதில் ஒரு நல்ல வசதியும் உண்டு. கைப்பழக்கத்தின் நினைவு நீண்ட நாள் தாங்கும். கதையின் நுணுக்கங்களோ சீக்கிரம் உதிரும். சைக்கிள் மறக்காது, போன வருஷம் பார்த்த படத்தின் நடுப்பகுதி மறந்துவிடும். இரண்டு வருஷம் இடைவெளி விட்டு ஆடினால் கைக்குத் தெரியும், மனசுக்குப் பாதிதான் தெரியும். இதைவிட நல்ல நிலை கிடையாது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் எட் ஓ'பிரையன் 2019-ல் வெளியிட்ட ஆய்வும் இதற்குப் பக்கத்தில் வருகிறது: ஒன்றைத் திரும்பச் செய்வது எவ்வளவு சலிக்கும் என்று நாம் முன்கூட்டி நினைக்கிறோமோ, அவ்வளவு சலிப்பதில்லை. முதல் முறை தவறவிட்டவை நிறைய இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

இதையெல்லாம் தெரிந்து கட்டியது போல ஒரு விளையாட்டு இருக்கிறது. யோகோ டாரோ இயக்கி 2010-ல் வந்த 'நியர்'. 2021-ல் புதுப்பித்து பிஎஸ் 4-க்கும் வந்தது. நிழல் போன்ற உருவங்களை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அவை ஏதோ உறுமும், கத்தும், ஒன்றும் புரியாது. கதையை முடித்துவிட்டு மறுபடி தொடங்கினால், முதலிலிருந்து அல்ல, நடுவிலிருந்து ஆரம்பிக்கிறது. அதுவே ஆடுபவனின் பொறுமை தெரிந்த வேலை. வழி அதே, சண்டை அதே, முடிவையும் பெரிதாக மாற்ற முடியாது. ஒன்றே ஒன்று மாறியிருக்கும்: அந்த உருவங்கள் பேசுவது இப்போது எழுத்தில் வருகிறது. ஒரு புதுக் கிளைகூட வெட்டாமல், கொஞ்சம் வசனத்தையும் சில காட்சிகளையும் மட்டும் சேர்த்து, ஏற்கெனவே ஆடி முடித்த அத்தனை மணி நேரத்தையும் வேறு கதையாக்கிவிட்டார்கள். கர்ணன் யாரென்று தெரிந்த பிறகு அவன்மேல் அருச்சுனன் அம்பு விடுவதைப் பார்ப்பது மாதிரி. இங்கே அம்பு விடுவது நாமே.

மருமகனுக்கு அதை வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் சுற்று பற்றி எதுவும் சொல்லவில்லை. அடுத்த பாரதத்தின்போது ஒரு ராத்திரி நான் போர்வையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவன் விளையாட்டுக்குள் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் நின்றுகொண்டிருந்தான். எதிரே பெரிய இயந்திர மனிதன், அதன் துணையாக ஒரு குட்டி நிழல். முதல் சுற்றில் கைதட்டிக்கொண்டே வென்ற சண்டை அது. இப்போது அந்த இயந்திரம், நிழலிடம், வெளியே போய் உலகத்தைப் பார்க்கலாம் என்று பேசுகிறது.

கன்ட்ரோலர் கையில் இருந்தது. பட்டன் எதையும் அழுத்தவில்லை. இயந்திரம் அவனை அடித்துக்கொண்டிருந்தது.

"மாமா, இது பேசுதே."

தூரத்தில் முகவீணைச் சத்தம் கேட்டது. திரை பிடித்துவிட்டார்கள் போல. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.