பழைய சம்பளத்தோடு புதிய நாற்காலி

கேம் ஸ்டூடியோக்களுக்குச் சம்பள அமைப்பு வகுத்துக் கொடுப்பது என் தொழில். ஒரு பெண் ஸ்டூடியோ ஹெட் ஆகிவிட்டால் வாழ்த்துப் படங்கள் பறக்கும். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என் கண் முதலில் போவது பதவி உயர்வுக் கடிதத்தின் சம்பள வரிக்கு.

ஏன் என்று கேட்பவர்களிடம் ஜென் ஓனீலின் கதையைச் சொல்வேன். ஆக்டிவிஷன் பிளிஸார்ட் என்ற அமெரிக்க கேம் நிறுவனத்துக்குச் சொந்தமான விகாரியஸ் விஷன்ஸ் ஸ்டூடியோவை நடத்தியவர். 2020-இல் ‘டோனி ஹாக்ஸ் புரோ ஸ்கேட்டர் 1+2’ என்ற கேம் அங்கிருந்துதான் வந்தது. 2021 ஜூலையில் ஆக்டிவிஷன் பிளிஸார்ட் மீது கலிஃபோர்னியா அரசு பாலினப் பாகுபாடு, பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டுகளோடு வழக்குப் போட்டது. ஊழியர்கள் வெளிநடப்பு செய்தார்கள், அந்த நிறுவனத்தின் ஒரு பிரிவான பிளிஸார்டின் தலைவர் விலகினார். ஆகஸ்ட்டில் ஓனீலும் சக அதிகாரி மைக் இபார்ராவும் அதன் இணைத் தலைவர்கள் ஆனார்கள். பிளிஸார்டின் தலைமைக்கு ஒரு பெண் வந்தது அதுவே முதல் முறை. நவம்பர் தொடக்கத்தில் அவர் விலகுவதாக அறிவிப்பு வந்துவிட்டது. மூன்றே மாதம்!

ஒரே பதவிக்கு வந்தாலும் இருவரும் அவரவர் பழைய சம்பளத்திலேயே தொடர்ந்தார்கள், சமமாக்கச் சொல்லிப் பல முறை கேட்டும் நிர்வாகம் மறுத்துவிட்டது, ராஜினாமா கொடுத்த பிறகுதான் சமமான ஆஃபர் வந்தது என்று ஓனீல் சக ஊழியர்களிடம் சொன்னார். சமச் சம்பளம் வேண்டும் என்று இருவருமே நிர்வாகத்திடம் சொன்னதாக இபார்ராவும் சொன்னார்.

இது நடப்பதற்கு யாரும் கெட்ட எண்ணத்தோடு உட்கார்ந்து திட்டம் போட வேண்டியதில்லை. பதவி உயர்வில் பழைய சம்பளத்தின் மேல் சதவீதம் போடுவதுதான் வழக்கம். ஒருவருக்கு 10 லட்சம், இன்னொருவருக்கு 14 லட்சம் என்று வையுங்கள். இருவருக்கும் 20 சதவீத ஹைக். இப்போது 12, 16.8. நான்கு லட்சமாக இருந்த இடைவெளி 4.8 ஆகிவிட்டது. பார்க்க நியாயம்போல இருக்கும், அதுதான் ஆபத்து. கலிஃபோர்னியாவில் 2018 முதல், வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது. உள்ளிருந்து உயர்பவருக்கு இந்தத் தடையால் என்ன பயன்? அவருடைய பழைய சம்பளம் நிறுவனத்திடமே இருக்கிறதே.

காலமும் முக்கியம். வீடு தீப்பற்றி எரியும்போது சாவியைக் கையில் கொடுப்பது தலைமை ஆகாது. நெருக்கடியில் பெண்களை முன்னிறுத்தும் இந்த வழக்கத்துக்கு ஆய்வாளர்கள் ‘கிளாஸ் கிளிஃப்’ (கண்ணாடி மலைவிளிம்பு) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மாறாக, 2007-இல் மைக்ரோசாஃப்டின் கேம் ஸ்டூடியோவான 343 இண்டஸ்ட்ரீஸை உருவாக்கிய போனி ராஸ் 2022 வரை அதை நடத்தினார். ஒரு ஸ்டூடியோவைக் கட்டியெழுப்ப அவருக்கு 15 வருடம் கிடைத்தது.

அப்புறம், அதிகாரம். நான் ஆலோசனை சொன்ன ஒரு ஸ்டூடியோவில் புதிதாக ஹெட் ஆன பெண் என்னிடம், “மேடம், பில்டு லேட்டானா என்னைத்தான் கேக்குறாங்க. ஆனா ஒரு அனிமேட்டரை எடுக்கணும்னா நான் மூணு பேர்கிட்ட போய் நிக்கணும்” என்றார். பதவி உயர்வுக் கடிதத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. அந்தப் பதவிக்கான சம்பள வரம்பு, அவரே ஆள் எடுக்கக்கூடிய எண்ணிக்கை, ஒரு கேமுக்கு கிரீன்லைட், அதாவது தயாரிக்க அனுமதி, கொடுப்பது யார் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்கச் சொன்னேன். முதல் இரண்டுக்கு அதே வாரம் பதில் வந்தது. மூன்றாவதற்காக அவர் கடிதத்தை இன்னும் கையில் வைத்திருக்கிறார்.