ஏரியை அளந்தது நீங்கள், கணக்கு யாரிடம் இருக்கிறது?

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் போதும், ஏரிகளை வரைபடமாக்கும் குழு ஏதாவது ஒன்று என் அலுவலகப் படியேறிவிடும். குடியாத்தத்திலிருந்து வருவார்கள், அணைக்கட்டிலிருந்து வருவார்கள், காவேரிப்பாக்கத்திலிருந்தும் வந்திருக்கிறார்கள். வேலூரில் ஜி.ஐ.எஸ். என்னும் கணினி வரைபடத் தொழில் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். வெயிலில் கரைமேல் நடந்து மதகு, மிகுநீர் வழியும் கலங்கல், வரத்துக் கால்வாய் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வருகிறார்களே! (கலங்கலை மதகு என்று குறித்து வருகிறவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்கிறேன்.) எந்தச் செயலியில் குறித்தீர்கள் என்று கேட்டால், உள்ளே எப்படிக் கணக்கிடுகிறது என்று எவருக்கும் தெரியாத மூடிய செயலி ஒன்றின் பெயரைச் சொல்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

கடைசியாக வந்த குழு, 2021 நவம்பரில் பாலாறும் குடியாத்தத்தில் கவுண்டன்யா ஆறும் கரைபுரண்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வேலையில் இறங்கியது. ஒரு நிறுவனம் இலவசமாகத் தந்த செயலியில் ஏரிகளின் எல்லையை வரைந்து, பரப்பளவையும் எடுத்திருந்தார்கள். ஓர் ஏரிக்கு வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் உள்ள பரப்பும் செயலி காட்டிய பரப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. “ஆக்கிரமிப்பே இல்லை சார்” என்று நிம்மதியாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் எடுத்து வந்த புகைப்படத்திலேயே கரையோரம் புது வேலி தெரிந்தது.

அதே எல்லையை கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற வரைபட மென்பொருளில் ஏற்றி, பூமியை மண்டலங்களாகப் பிரித்து அளக்கும் யுடிஎம் முறையில் நம் பகுதிக்கு உரிய 44ஆம் மண்டலத்தில் அளந்தேன். பரப்பு குறைந்தது. அடுத்த ஏரியிலும் குறைந்தது, அதற்கடுத்ததிலும் குறைந்தது. எல்லாவற்றிலும் ஒரே விகிதம்: செயலி ஐந்து சதவீதம் கூட்டிக் காட்டியிருந்தது. தொழிலில் இருப்பவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். உருண்டைப் பூமியைத் தட்டையாக விரித்துக் காட்ட இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்கேட்டர் தளத்திலேயே நேரடியாகப் பரப்பைக் கணக்கிட்டிருக்கிறார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக அந்தத் தளத்தில் பரப்பு ஊதிக்கொண்டே போகும். டெல்லியில் இதே தவறு கிட்டத்தட்ட 30 சதவீதம் காட்டும், எவரும் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஏறத்தாழ 13 பாகை அட்சரேகையில் இருக்கும் நமக்கு ஐந்து சதவீதம்தான், அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பதிவேட்டில் 200 ஏக்கர் உள்ள ஏரி 190 ஏக்கராகச் சுருங்கியிருந்தாலும் செயலி 200 என்றே சொல்லும். பத்து ஏக்கர் ஆக்கிரமிப்பைச் செயலியே மறைத்துக் கொடுத்துவிடும்.

பரப்பை எப்படிக் கணக்கிடுகிறீர்கள் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டோம். தொழில் ரகசியம் என்று பதில் வந்தது. ஏரியின் பரப்பில் என்ன ரகசியம் ஐயா?

மூலநிரலை, அதாவது செயலி எப்படி இயங்குகிறது என்று எழுதிய நிரலை, எவரும் பார்க்கும்படி திறந்து வைத்திருக்கும் கட்டற்ற செயலியையே எடுங்கள் என்று சொன்னால் உடனே வரும் பதில் ஒன்று இருக்கிறது. கேட்டுக் கேட்டு எனக்குக் காதே புளித்துவிட்டது. “எங்களில் நிரல் எழுதத் தெரிந்தவர் யாரும் இல்லை. மூலநிரல் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன?”

பத்திரத்தில் இருக்கும் சட்டத் தமிழ் நம்மில் எத்தனை பேருக்குப் புரிகிறது? புரியவில்லை என்பதற்காக மனை வாங்கியவர் மூலப் பத்திரத்தை விற்றவரிடமே விட்டுவிட்டு வருவாரா? தகராறு வரும் நாளில் வக்கீல் படித்துக்கொள்வார் என்றுதானே பெட்டியில் பூட்டி வைக்கிறோம்? மூலநிரலும் அப்படித்தான். நீங்கள் படிக்க வேண்டியதில்லை. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்கும் நிலையில் அது இருக்க வேண்டும். காட்பாடியில் தெருவுக்கு நான்கு கணினி மாணவர்கள் இருக்கிறார்கள், ஒருவரைப் பிடித்து உட்கார வைத்தால் எந்த வரியில் பரப்பு கணக்கிடப்படுகிறது என்று மாலைக்குள் காட்டிவிடுவார். தாலுகா அலுவலகத்தில் உங்கள் அளவை மறுக்கும்போது “இதோ, இப்படித்தான் கணக்கிட்டோம்” என்று எடுத்து வைக்கலாம். மூடிய செயலியை வைத்துக்கொண்டு என்ன சொல்வீர்கள்? செயலி சொன்னது என்றா?

கியூஜிஐஎஸ்ஸும் தவறாக அளக்கும், ஒப்புக்கொள்கிறேன். வெப் மெர்கேட்டரில் வைத்துத் தட்டையாக அளக்கச் சொன்னால் அதுவும் அதே ஐந்து சதவீதத்தைக் கூட்டித்தான் தரும். ஆனால் எந்தத் தளத்தில், எந்த முறையில் அளக்கிறது என்பது திரையிலேயே தெரியும், மாற்றிக்கொள்ளலாம்.

செயலியின் ஆயுளையும் பாருங்கள். பொதுமக்களே வரைபடத்தில் இடங்களைச் சேர்க்க கூகுள் தந்த மேப் மேக்கர் கருவி 2008இல் வந்தது, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. நம் நாட்டில் எத்தனையோ பேர் அதில் தெருத்தெருவாகச் சேர்த்தார்கள். சேர்த்தவை கூகுள் வரைபடத்துக்குள் போயின, கருவி இல்லாமல் போனது. இணையம் இல்லாமலே வரைபடம் காட்டும் மேப்ஸ்.மீ செயலிக்கு வேறு மாதிரி நடந்தது. 2014இல் மெயில்.ரு என்னும் ரஷ்ய நிறுவனம் அதை வாங்கியது, மறு ஆண்டு மூலநிரலைத் திறந்துவிட்டது. 2020இல் செயலி இன்னொரு கைக்கு மாறி அதன் போக்கே மாறியபோது, அதை முதலில் உருவாக்கியவர்கள் திறந்த நிரலை எடுத்து ஆர்கானிக் மேப்ஸ் என்று தனியாக நடத்தத் தொடங்கினார்கள். அங்கேயும் நிர்வாகத்தில் பூசல் வந்து 2025இல் கோமேப்ஸ் பிரிந்தது. சண்டை போட்டுக்கொண்டார்கள் என்றாலும் பயன்படுத்துகிறவர் கையில் வரைபடம் இருந்துகொண்டே இருந்தது. சிக்னல் எட்டாத பீஞ்சமந்தை மலைப்பாதையில் போகிறவருக்கு அதுதானே வேண்டும்?

இன்னொரு தலைவலியும் உண்டு, நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 1989இல் வட ஆற்காடு இரண்டானது. 2019இல் வேலூர் மூன்றாகி ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. மூடிய செயலி ஒன்றில் மாவட்டப் பட்டியல் பழையபடியே இருந்ததால், காவேரிப்பாக்கம் ஏரி வேலூர் மாவட்டக் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருந்தது. “அடுத்த பதிப்பில் சரிசெய்கிறோம்” என்றார்கள். களத்தில் தகவல் சேகரிக்க உதவும் ஓடிகே போன்ற கட்டற்ற கருவியில் கேள்விப் படிவம் ஓர் எக்செல் தாள்தான். இரண்டு வரி சேர்த்தால் வேலை முடிந்தது.

நிரலைத் திறந்தால் எங்கள் தகவலும் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரே பதில்: நிரல் வேறு, தகவல் வேறு. ஓடிகேவை உங்கள் சொந்தக் கணினியில் நிறுவிப் பூட்டியே வைத்துக்கொள்ளலாம். திறந்த கருவி என்பதற்காக வீட்டுக்காரர் பெயரையும் சாதியையும் கைபேசி எண்ணையும் பொது வரைபடத்தில் ஏற்றிவிடாதீர்கள். அதையும் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே, தயவுசெய்து, களத்தில் இறங்கும் முன் என்னிடம் வாருங்கள், இறங்கிய பின் அல்ல. செயலியின் உரிமம் என்னவென்று பாருங்கள். ‘இலவசம்’ என்று போட்டிருப்பது உரிமம் ஆகாது. முதல் நாளே பத்துப் புள்ளிகளைக் குறித்து வேறு மென்பொருள்களும் படிக்கக்கூடிய ஜியோஜேசன் அல்லது சிஎஸ்வி கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று சோதியுங்கள். படமாகவும் பிடிஎஃப் ஆகவும் மட்டும் தருகிறது என்றால் அன்றைக்கே விட்டுவிடுங்கள். எல்லோரும் சேர்ந்து வரையும் பொது வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றுவதானால் கூகுள் செயற்கைக்கோள் படத்தின் மேல் வரைந்ததைக் கொண்டுபோகாதீர்கள், உரிமம் இடம் தராது. மைக்ரோசாஃப்டின் பிங் படத்துக்கு அனுமதி இருக்கிறது. ஊர்ப் பெயரைத் தமிழிலும் எழுதுங்கள், அதற்கென்று அங்கே தனி இடமே உண்டு. வாரம் ஒரு முறை எல்லாத் தகவலையும் இறக்கி இரண்டு இடங்களில் வையுங்கள்.

ஏற்கெனவே மூடிய செயலியில் குறித்துவிட்டவர்கள், அது இயங்கிக்கொண்டிருக்கும்போதே எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்துவிடுங்கள். அதில் இருக்கும் பரப்பளவு எண்களை மட்டும் எந்த மனுவிலும் சேர்க்காதீர்கள். எல்லைக் கோட்டைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து மறுபடி அளப்போம்.