ஹைப்ரிட் ஆர்ச் ரிப்பேர்: தமிழில் எப்படிச் சொல்வது?

கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நெஞ்சில் பெரிய ஆபரேஷன் என்றால் பெங்களூரு, வேலூர், இல்லாவிட்டால் சேலம். அங்கிருந்து வரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ஹைப்ரிட் ஆர்ச் ரிப்பேர்’ என்று இருந்தால், “ஸ்டென்ட் வெச்சிருக்காங்க” என்று வீட்டில் முடித்துவிடுவார்கள். அது பாதிதான் சரி.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி மேலே ஏறி, இடப்பக்கமாகப் பின்னால் வளைந்து, முதுகெலும்பை ஒட்டி இறங்குகிறது. அந்த வளைவுதான் ஆர்ச். தலைக்கும் கைகளுக்கும் இரத்தம் கொண்டுபோகும் மூன்று கிளைகள் அங்கேதான் பிரிகின்றன. வளைவு உப்பினாலோ அதன் உட்சுவர் கிழிந்தாலோ சிக்கல் இதுதான்: சும்மா ஸ்டென்ட் கிராஃப்ட், அதாவது துணி போர்த்திய வலைக்குழாய், வைத்தால் மூளைக்குப் போகும் வழியும் அடைபடும். முழுக்கத் திறந்து மாற்றுவதென்றால், உடலைக் குளிர்வித்து இரத்த ஓட்டத்தையே சிறிது நேரம் நிறுத்த வேண்டியிருக்கும். வயதானவர்கள் பலருக்கு அது தாங்காது.

அதனால் இரண்டையும் சேர்த்தார்கள். ஒரு வகையில், முதலில் நெஞ்சைத் திறந்து, ஏறு பகுதியில் பழுதில்லாத இடத்திலிருந்து துணிக்குழாய் இழுத்து, அந்தக் கிளைகளுக்குப் புதுவழி தைக்கிறார்கள். அப்புறம் மடக்கிய ஸ்டென்ட் கிராஃப்டைத் தொடைத் தமனி வழியே ஏற்றி, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி வளைவுக்குள் விரிக்கிறார்கள்.

‘ஹைப்ரிட்’ லத்தீன் சொல். வீட்டுப் பன்றிக்கும் காட்டுப் பன்றிக்கும் பிறந்த குட்டியைக் குறித்தது. ராயக்கோட்டைத் தக்காளிக்காரருக்கு அது விதை பாக்கெட். அங்கே ‘கலப்பினம்’ சரி; ஆபரேஷனில் இனம் எங்கே வந்தது? ‘இருமுறை’ என்றால் இரண்டு தடவை என்றாகிவிடும். ‘இணைமுறை’ பொருந்துகிறது: பெருந்தமனி வளைவு இணைமுறைச் சீரமைப்பு.

‘கிராஃப்ட்’ கிரேக்கத்தில் எழுத்தாணியைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. சீவிய ஒட்டுக்குச்சி அப்படி இருந்ததாம். சந்தூர் நர்சரியில் மாங்குச்சியின் அடியை ஆப்பாகச் சீவி, வேர்ச்செடியின் பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடா சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ‘ஒட்டு’ கையிலேயே இருக்கும் சொல்தான். ஆனால் மாங்குச்சி துளிர்க்கும், பாலியெஸ்டர் துணி துளிர்க்காது. எனக்கு ‘உறை’ போதும்.

‘ஸ்டென்ட்’ வந்த வழி வேடிக்கையானது. சார்லஸ் ஸ்டென்ட் 19ஆம் நூற்றாண்டு லண்டன் பல் மருத்துவர். பல் அச்சு எடுக்க ஒரு கலவை செய்தார். முதல் உலகப்போரில் டச்சு அறுவை மருத்துவர் எஸ்ஸர், ஒட்டிய தோல் நகராமல் இருக்க அதே கலவையைப் பயன்படுத்தினார். அப்படித்தான் தாங்கிப்பிடிக்கும் பொருளுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது என்பார்கள். வலையையும் துணியையும் சேர்த்த குழாயை நெஞ்சுப் பெருந்தமனிக்குள் 1987இல் வைத்தவர் கார்கிவ் நகரத்து நிக்கொலாய் வொலொடோஸ். தமிழில் ‘உறையிட்ட வலைக்குழாய்’ எனலாம். பேச்சில் ஸ்டென்ட் என்றே இருக்கட்டும், அதை யாரும் மாற்றப்போவதில்லை.

இதே குடும்பத்தில் ‘ஃப்ரோசன் எலிஃபண்ட் டிரங்க்’ என்று ஒன்று உண்டு. 1983இல் ஜெர்மனியின் ஹான்ஸ் போர்ஸ்ட், துணிக்குழாயின் நுனியை இறங்கு தமனிக்குள் தும்பிக்கைபோலத் தொங்கவிட்டார். பின்னால் வந்தவர்கள் அந்த நுனியில் ஸ்டென்ட் சேர்க்க, அது விறைத்து நின்றது. இதை ‘உறைந்த தும்பிக்கை’ என்று எழுதினால், உடலைக் குளிர்விக்கிறார்களே, அதற்காக வந்த பெயர் என்று குழப்பம் வரும். ‘விறைத்த தும்பிக்கை’ என்றே எழுதுங்கள்.