சுகர்காரர் பழையது சாப்பிடலாமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எனக்கு ரொம்ப வருசமா சுகர். காலையில பழையது சாப்பிட்டா குடலுக்கு நல்லது, சுகரும் குறையும்னு மதினி சொல்லுதாவ. சாப்பிடலாமா?"

மதினி சொல்வதில் பாதி சரி.

சோற்றின் மாவுச்சத்து சிறுகுடலில் குளுக்கோஸாகி ரத்தத்தில் சேரும், கணையம் இன்சுலின் சுரக்கும். இது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் வடித்த சோறு ஆறிக் கிடக்கும்போது மாவுச்சத்துச் சங்கிலிகளில் ஒரு சிறு பகுதி மறுபடி ஒன்றோடொன்று இறுகிக்கொள்கிறது. அதை உடைக்க நம் நொதிகளால் ஆகாது. காணம் (கொள்ளு), தட்டாம்பயறு, பனங்கிழங்கு இவற்றின் நார்ச்சத்தும் அப்படித்தான். எல்லாம் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது.

அங்கே பல லட்சம் கோடி பாக்டீரியாக்கள் அதற்காகக் காத்திருக்கின்றன. அவை நாரைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறிய கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருளே பியூட்டிரேட்தான்.

அந்தச் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எல் செல்கள் என்று சில உண்டு. எனக்கு உடம்பிலேயே மிகவும் பிடித்த செல்கள் இவைதான். நாக்கு உப்பையும் புளிப்பையும் அறிவதுபோல, இவை பாக்டீரியா கழித்துவிட்ட அமிலங்களைத் தம் ஏற்பிகளால் அறிகின்றன. அறிந்ததும் ஜி.எல்.பி.-1 என்ற ஹார்மோனை விடுகின்றன. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. அதுவும் ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால்தான், இறங்கியிருந்தால் தூண்டாது. இரைப்பை காலியாவதை மெதுவாக்குகிறது. மூளைக்குப் 'போதும்' என்று சொல்கிறது.

இத்தனையும் செய்கிற ஹார்மோன், இரண்டு நிமிடத்துக்குள் பாதி அழிந்துவிடுகிறது. டி.பி.பி.-4 என்ற நொதி அதை வெட்டிவிடும். அப்புறம் மூளைக்குச் செய்தி எப்படிப் போகிறது? எல் செல்லுக்குப் பக்கத்திலேயே, குடலை மூளையோடு இணைக்கும் வேகஸ் நரம்பின் நுனிகள் இருக்கின்றன. ஹார்மோன் அழிவதற்குள் அவற்றைத் தொட்டுவிடலாம். அதன்பின் சேதி நரம்பு வழியே ஓடும். எங்கோ பெருங்குடலில் ஒரு பாக்டீரியா பயற்று நாரை மென்றதன் விளைவு தலைவரை எட்டுகிறது!

மருந்துக்கடையில் கிடைக்கும் சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் மாத்திரைகள் அந்த வெட்டும் நொதியைத்தான் தடுக்கின்றன. வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் ஊசி, சீக்கிரம் அழியாதபடி மாற்றிய ஜி.எல்.பி.-1.

2018-ல் 'சயன்ஸ்' இதழில் ஒரு சீன ஆய்வு வெளியானது. நார்ச்சத்து மிகுந்த உணவு உண்ட டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம் நாரை உண்ணும் சில பாக்டீரியாக்கள் பெருகின, ஜி.எல்.பி.-1 கூடியது, ஹெச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்த அளவு) மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தது. இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு 2023-ல் சொன்னது. அப்படியிருக்க, நம் சோற்றையும் பயற்றையும் வைத்து இதுபோன்ற பெரிய ஆய்வுகள் நிறைய நடக்க வேண்டாமா? அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, திருநெல்வேலி ஐகிரவுண்டில் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்ய அரசு பணம் ஒதுக்கினால் அதைவிட நல்ல செலவு இல்லை. பஸ் ஸ்டாண்டில் 'சர்க்கரையை வேரோடு அறுக்கும்' லேகியத்துக்கு ஏழைகள் கொட்டும் காசை நினைத்தால் வயிறு எரிகிறது. கருப்பட்டி போட்டால் சுகர் ஏறாது என்பதும் பொய். அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில் இருக்கும் அதே சர்க்கரை.

சரி, வாசகருக்குப் பதில். பழையதில் இறுகிய மாவுச்சத்து கொஞ்சம்தான்; மீதியெல்லாம் சர்க்கரையை ஏற்றும் சோறே. ஆகவே சிறு கிண்ணம் போதும். ஊறுகாயை விட்டுவிட்டு, காணத்துவையலும் அவித்த தட்டாம்பயறும் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பயற்றை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், பாக்டீரியா பழக இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து சுகர் பாருங்கள். எண் ஏறியிருந்தால் சோற்றைக் குறையுங்கள், பயற்றை அல்ல.