அல்வா: இன்களி என்று சொல்லலாமா?

கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பிழிந்த பாலைப் புளிக்கவிட்டு, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துச் சுருளக் கிண்டி இறக்கினால் அல்வா. இது திருநெல்வேலிப் பொருள். ஊர் மாறினால் பொருளும் மாறும்: அரபு நாடுகளில் எள்ளை அரைத்துச் செய்வதும் ஹல்வா, வடக்கே கேரட்டைத் துருவிச் செய்வதும் ஹல்வா.

சொல்லின் வேர் அரபி. அதில் 'ஹல்வா' என்றால் இனிப்பு, அவ்வளவுதான். பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்தபோது, ஹனுமான் அனுமன் ஆனதுபோல ஹகரத்தை உதறிவிட்டு அல்வா ஆனது. வடக்கே இனிப்புச் செய்பவர் 'ஹல்வாயி'. அந்தச் சொல் நெல்லையில் ஒட்டவில்லை. வடக்கிலிருந்து வந்து கடை போட்டவர்களின் 'லாலா'தான் ஒட்டிக்கொண்டது. முதலாளி எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இனிப்புக் கடை எங்களுக்கு லாலா கடை. (அப்பம் சுட்டு விற்றவர்களுக்குச் சங்கத் தமிழில் 'கூவியர்' என்ற அழகான பெயர் இருந்தது. யாருக்கு நினைவிருக்கிறது!)

தனித்தமிழில் இதை 'இன்களி' என்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், எங்கள் பக்கம் களி என்றாலே உளுந்தங்களி. பெரியவளான பிள்ளைக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டிக் கொடுப்பது. தலைதீபாவளிக்கு வந்தவரிடம் "இன்களி சாப்பிடுங்க மாப்ளே" என்று மாமனார் தட்டை நீட்டினால், அவர் முதலில் தட்டை எட்டிப் பார்ப்பார்.

ஆனாலும் சொல்லை உண்டாக்கியவர் அடுப்பங்கரை அறிந்தவர் என்றே நினைக்கிறேன். பாயசம் வைப்போம், முறுக்கு சுடுவோம், லட்டு பிடிப்போம். களியையும் அல்வாவையும் கிண்டுவோம். இரண்டுக்கும் ஒரே பதம்தான்: சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரவேண்டும். பெயர் அரபியில் இருந்து வந்தாலும் வினைச்சொல்லை நம் அடுப்பே கொடுத்திருக்கிறது. அதனால் அகராதியில் இன்களி இருக்கட்டும். நான் கடையில் அல்வா என்றுதான் கேட்பேன்.

தீபாவளி, மறுவீடு, ஆனித் தேரோட்டம் என்று நாள் பார்த்து வாங்குவது ஒருபுறம். நெல்லையப்பர் கோயில் பக்கம் சாயங்காலம் போனால், விசேஷம் எதுவும் இல்லாமலே 100 கிராமைச் சூடாக இலையில் வாங்கி, நின்றபடியே வழித்துச் சாப்பிடுகிற கூட்டம் இருக்கும்.

இன்னொன்று. ஏமாற்றுவதை 'அல்வா கொடுப்பது' என்கிறோமே, அதை எப்படி மாற்றுவது? "நல்லா இன்களி கொடுத்துட்டான்" என்றால் ஏமாந்தவனுக்கே சிரிப்பு வந்துவிடும்.