இரட்சிப்பின் நிச்சயம்: சொல் விளக்கம்

"பிரதர், உங்களுக்கு இரட்சிப்பின் நிச்சயம் உண்டா?" கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது போனவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. இரட்சிக்கப்பட்ட நாளும் வருஷமும் சொல்லிப் பதில் தருகிறவர்கள் உண்டு. தலையைச் சொறிந்துகொண்டு "இருக்குன்னுதான் நினைக்கிறேன்" என்பவர்களும் உண்டு. நான் வெகுகாலம் இரண்டாவது வகை. கேள்வியில் இருப்பவை இரண்டே சொற்கள், இரண்டும் வடமொழி வழி வந்தவை. அவற்றைப் பிரித்துப் பார்த்தபிறகுதான் கேட்கப்படுவது என்ன என்றே எனக்கு விளங்கியது.

முதலில் இரட்சிப்பு. 'ரக்ஷ்' என்ற வேருக்குக் காத்தல் என்று பொருள். தமிழ்ச் சொல் ரகரத்தில் தொடங்காது என்பதால் முன்னால் ஓர் இகரம் வந்து ஒட்டிக்கொண்டது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதற்கு நேராக நிற்பது 'சோட்டேரியா'. அதன் வினையான 'சோட்ஸோ' ஆபத்திலிருந்து காப்பதையும் சொல்லும், நோயிலிருந்து குணமாக்குவதையும் சொல்லும். பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டால், அதாவது உதிரப்போக்கால், வருந்திய பெண் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட இடத்தில், 1871-ல் வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்கிறது (மாற்கு 5:34). 1995-ல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டினரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம் அதே இடத்தில் "குணமாக்கிற்று" என்கிறது. இரண்டும் சரிதான். மூலச் சொல்லுக்கு இரண்டு கைகள். ஆளுக்கொரு கையைப் பிடித்திருக்கிறார்கள்.

தூய தமிழில் சொல்ல விரும்புகிறவர்கள் இப்போது 'மீட்பு' என்கிறார்கள். நல்ல சொல். அடகு வைத்த நகையை மீட்கிறோம், கடனில் போன நிலத்தை மீட்கிறோம். விலை கொடுத்துத் திரும்பப் பெறுதல் என்ற பொருள் அதற்குள் உறைந்திருக்கிறது. ஆனால் அந்தப் பொருளுக்குக் கிரேக்கத்தில் 'அப்போலூட்ரோசிஸ்' என்று தனிச்சொல் உண்டு. பழைய மொழிபெயர்ப்பு அதற்கு 'மீட்பு' என்றும் சோட்டேரியாவுக்கு 'இரட்சிப்பு' என்றும் பிரித்து வைத்திருந்தது (ரோமர் 3:24 பார்க்க). இரண்டுக்கும் மீட்பு என்றே போடும்போது அந்த வேறுபாடு மங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால் சோட்டேரியாவுக்கு நெருங்கிய தமிழ் 'உய்வு'. "எந்நன்றி கொன்றார்க்கும் உய்வுண்டாம்" என்ற குறளில் வருவது அதுதான்: தப்பிப் பிழைத்து வாழ்தல். சைவர்கள் இந்தச் சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டார்கள், கிறிஸ்தவர்கள் கைநழுவ விட்டுவிட்டோம்.

'விசுவாசம்', 'நம்பிக்கை' என்ற இரண்டிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 1 கொரிந்தியர் 13:13-ல் பழைய மொழிபெயர்ப்பு "விசுவாசம், நம்பிக்கை, அன்பு" என்று எண்ணும். திருவிவிலியம் "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" என்று எண்ணும். ஒரே 'நம்பிக்கை', ஒன்றில் இரண்டாம் இடத்தில், மற்றதில் முதலிடத்தில். இரு சபையாரும் சேர்ந்து வேதம் வாசிக்கும்போது எந்த நம்பிக்கை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இனி நிச்சயம். இதற்கு மூலத்தில் உள்ள சொற்களில் ஒன்று 'பிளேரோஃபோரியா', நிறைய ஏந்தியிருத்தல் என்று பிரிக்கலாம். எபிரெயர் 10:22-ல் "விசுவாசத்தின் பூரண நிச்சயத்தோடும்" என்று வருவது இதுதான். இறையியலில் இது பெரிய சண்டைக்குரிய சொல். கிருபையைப் பெற்றுவிட்டேன் என்று யாரும் பிழைக்கிடமில்லாத நிச்சயத்தோடு அறிய முடியாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் 1547-ல் சொன்னது. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த கூட்டம் ஒன்றில், தன் பாவங்கள் நீக்கப்பட்டன என்ற நிச்சயம் தனக்குக் கிடைத்ததாக மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி நாட்குறிப்பில் எழுதினார். நம் ஊர்க் கூட்டங்களில் கேட்கிற கேள்வியில் இந்த இரண்டாவது மரபின் வாடை அடிக்கிறது.

ஆனால் தமிழ்க் காதுக்கு நிச்சயம் என்றதும் நினைவுக்கு வருவது கல்யாண நிச்சயம். தட்டு மாற்றி வெற்றிலைபாக்கு வைத்தாகிவிட்டது. தாலி இன்னும் ஏறவில்லை. பவுலும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறார். பரிசுத்த ஆவி "நம்முடைய சுதந்தரத்தின் அச்சாரம்" என்கிறார் (எபேசியர் 1:14; சுதந்தரம் என்றால் இங்கே வாரிசுச் சொத்து). அச்சாரத்துக்கு மூலத்தில் உள்ள சொல் 'அர்ரபோன்', முன்பணம். அதே சொல் இன்றைய கிரேக்கத்தில் கல்யாண நிச்சயத்தைக் குறிக்கிறது. அந்தப் பக்கம் முன்பணம் போய் நிச்சயத்தில் முடிந்திருக்கிறது. இந்தப் பக்கம் நாம் கைக்கு வந்த வடசொல்லை எடுத்து அதே இடத்தில் வைத்திருக்கிறோம்.

நிச்சயம் முடிந்த வீட்டில் யாரும் கைகட்டி உட்கார்ந்திருப்பதில்லை. வெள்ளையடிப்பு, பத்திரிகை, பந்தல் என்று அதன்பிறகுதான் வேலையே. "பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்ற பிலிப்பியர் 2:12, நிச்சயத்துக்கு எதிரான வசனம் என்று வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டு அலைச்சலை அவர்கள் பார்த்ததில்லை போலும். கல்யாணம் நடக்குமோ நடக்காதோ என்ற பயத்தில் யாரும் பந்தல் போடுவதில்லை.

நிச்சயத்துக்குச் சரியான தமிழ் என்ன? 'உறுதி' என்று சொல்லலாம், இன்றைய எழுத்துக்கு 'மீட்பின் உறுதி' போதும். ஆனால் பழைய தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: தேற்றம். கலங்கியது தெளிவதுதான் தேறுதல். கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் உரைக்கும் தேற்றாங்கொட்டைக்கும் அந்தப் பெயர் இதனால்தான். இன்றைக்கு தேற்றம் என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் ஞாபகம் வரும், அதுதான் சங்கடம். ஆனால் யோவான் 14:16-ல் ஆவியானவருக்குப் பழைய மொழிபெயர்ப்பு தந்த பெயர் 'தேற்றரவாளன்'. அழுகிறவரைத் தேற்றுவதும், ஐயுறுகிறவரைத் தேற்றுவதும் தமிழில் ஒரே வினை. நாம் தேவனுடைய பிள்ளைகள் என்று நம் ஆவியோடு சாட்சி கொடுப்பவர் அவரே என்று ரோமர் 8:16 சொல்வதற்கு இதைவிடப் பொருந்தும் பெயர் கிடைக்காது.

இலக்கணத்திலும் தேற்றம் உண்டு. ஏகாரத்தின் ஐந்து பொருள்களை அடுக்கும் தொல்காப்பியம் "தேற்றம் வினாவே" என்று அதைத்தான் முதலில் வைக்கிறது. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு: "உண்டே மறுமை". ஐயமில்லாமல் உண்டு என்று சொல்ல ஓர் ஏ போதும்.

அந்த ஏ பழைய மொழிபெயர்ப்பில், வேண்டிய இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ரோமர் 5:10-ல் இரட்சிப்பும் நிச்சயமும் அருகருகே வருகின்றன: "அவருடைய ஜீவனாலே இரட்சிக்கப்படுவது அதிக நிச்சயமாமே."