தெர்மல் கேமராவின் லென்ஸ் ஏன் சாதாரணக் கண்ணாடி இல்லை?

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் ஆளைத் தெர்மல் கேமராவால் பார்க்க முடியாது. நம் தோலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரின் உச்சம் 9.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டி இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியோ 5 மைக்ரானுக்கு மேல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

அதனால்தான் ஜெர்மானியம். கண்ணுக்குப் பளபளக்கும் சாம்பல் நிற உலோகத்துண்டு போலிருக்கும். ஆனால் அகச்சிவப்பை உள்ளே விடும். ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் 4 என்பதால் பூச்சு பூசாத பரப்பு ஒவ்வொன்றிலும் 36 சதவீதக் கதிர் திரும்பிவிடும். அதைப் பூச்சால் சரிக்கட்டலாம். வெப்பம்தான் பெரிய தொல்லை. ஒரு டிகிரி கூடினால் விலகல் எண் 0.0004 கூடும், காலையில் வைத்த ஃபோகஸ் மதிய வெயிலில் நிற்காது. 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் லென்ஸே கதிரை மறைக்கத் தொடங்கிவிடும். 2023 ஆகஸ்டில் ஜெர்மானியம் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்ததும் மாற்றுத் தேடல் சூடுபிடித்தது.

மாற்று, சால்கோஜெனைடு கண்ணாடி. இதில், சாதாரணக் கண்ணாடியில் உள்ள ஆக்சிஜனின் இடத்தில் செலினியம் போன்ற கனமான அணுக்கள் இருக்கும். கனத்த குண்டு தொங்கும் தளர்ந்த ஸ்பிரிங் மெதுவாகத்தானே ஆடும்? அதுபோல இதன் பிணைப்புகள் மெதுவாக அதிர்வதால், உறிஞ்சல் நீண்ட அலைநீளங்களுக்குத் தள்ளிப்போகிறது. நூறு அணுக்களில் ஜெர்மானியம் 28, ஆன்டிமனி 12, செலினியம் 60 என்பது பெயர்பெற்ற கலவை. எடையில் கால்பங்குதான் ஜெர்மானியம்.

செய்முறையில் அவசரம் ஆகாது. 99.999 சதவீதத் தூய்மையுள்ள தனிமங்களைக் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்து, வாயை உருக்கி மூட வேண்டும். செலினியம் 685 டிகிரியிலேயே கொதிக்கும். சூட்டை விறுவிறுவென ஏற்றினால் ஆவி அழுத்தத்தில் குழாய் வெடித்துவிடும். மெதுவாக ஏற்றி, 900 டிகிரியை ஒட்டிய ஆடும் உலையில் பல மணி நேரம் குலுக்க வேண்டும். குலுக்கல் போதாவிட்டால் உள்ளே வரிவரியாகக் கலவை பிரிந்து நிற்கும், படம் நெளியும்.

ஆக்சிஜன்தான் பரம எதிரி. பத்து லட்சத்தில் சில பங்கு கலந்தாலே 12.8 மைக்ரானில் கதிரை விழுங்கும். எனவே துளி மக்னீசியம் சேர்ப்பார்கள். அது ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கலவையை ஆவியாக்கிக் குழாயின் மறுபகுதிக்குக் கடத்தினால் ஆக்சைடு பின்தங்கிவிடும்.

உருகியதைச் சட்டென ஆற்றாவிட்டால் படிகம் கட்டும். ஆற்றியபின் 280 டிகிரியை ஒட்டிய சூட்டில் வைத்துப் பதப்படுத்தாவிட்டால் அறுக்கும்போதே விரிசல் விடும். இத்தனை பாட்டுக்கும் பலன் உண்டு: ஜெர்மானியம் லென்ஸை ஒவ்வொன்றாக வைரமுனையால் கடைய வேண்டும், இதையோ சூடாக்கி அச்சில் அழுத்தியே வார்க்கலாம். ஆனால் எளிதில் கீறல் விழும் என்பதால், வெளிப்பக்கம் பார்க்கும் லென்ஸுக்குக் கடினமான கார்பன் பூச்சு கொடுப்பார்கள்.